குளிர்காலத்திலும் பச்சை: இமயமலையின் பாஞ்ச் மரம்

தில்லியில் இரவு ரயிலேறினால் விடியற்காலையில் காத்கோதாம். 1884-ஆம் ஆண்டு இருப்புப் பாதை எட்டிய இந்த ஊரோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் மலை. ஊர்ப் பெயருக்கு மரக் கிடங்கு என்று பொருள். 'கோதாம்' என்ற சொல்லே நம்முடைய 'கிடங்கு' தென்கிழக்காசியா வரை போய்த் திரும்பி வந்ததுதான் என்று கருதும் மொழியறிஞர்களும் உண்டு. அது எப்படியாயினும், இங்கிருந்து நைனிடால் செல்லும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் ஒரே பயணத்தில் மூன்று விதக் காடுகளைப் பார்த்துவிடலாம். அடிவாரத்தில் சால மரங்கள். சற்று ஏறியதும் ஊசி இலைகளோடு நெட்டையாக நிற்கும் 'சீர்' என்னும் பைன் மரங்கள். 1,500 மீட்டர் உயரத்தைத் தாண்டும்போது காற்றில் ஈரம் தட்டும். கிளைகளை முறுக்கிக்கொண்டு, பட்டையெல்லாம் பாசி படர்ந்து, கரும்பச்சைத் தலையோடு வேறொரு மரம் தென்படும். காற்று வீசினால் அந்தக் கரும்பச்சை திடீரென்று வெள்ளையாகப் புரளும். இலையின் மேற்புறம் பச்சை, அடிப்புறம் சாம்பல் கலந்த வெண்மை. அதுதான் பாஞ்ச். இமயமலையின் ஓக்.

டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறைக்கு நைனிடால் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மரம் சிறிது குழப்பத்தைத் தரக்கூடும். ஓக் என்றால் இலையுதிர் காலத்தில் பொன்னிறமாகி, பனிக்காலத்தில் மொட்டையாக நிற்கும் என்றுதானே ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் படித்தோம்? இங்கே ஓட்டல் கூரையில் பனி படிந்திருக்கும்போதும் ஓக் மரம் பச்சையாகவே நிற்கிறதே?

படித்ததும் சரி, பார்ப்பதும் சரி. உலகில் 400-க்கு மேற்பட்ட ஓக் இனங்கள் உள்ளன. அவற்றில் இலையை உதிர்ப்பவையும் உண்டு, உதிர்க்காதவையும் உண்டு. பாடப் புத்தகம் எழுதியவர் இங்கிலாந்துக்காரர். தம் ஊர் மரத்தைப் பற்றி எழுதினார். குமாவுன், கர்வால் மலைகளில் காடு என்று சொல்லும்படி பரந்து நிற்கும் ஓக் இனங்கள் பசுமை மாறாதவை. இந்த வேறுபாடு தாவரவியல் மாணவர்களின் கவலை மட்டுமாக இருந்தால் விட்டுவிடலாம். இந்த மலைகளில் குடிக்கும் தண்ணீர், கறவை மாட்டின் தீனி, பெண்களின் நடை தூரம் அனைத்தும் அந்தக் குளிர்காலப் பசுமையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கின்றன.

நமக்குத் தெரிந்த 'ஓக்'

தமிழ்நாட்டுக் காடுகளில் இயற்கையாக வளரும் ஓக் ஒன்றுகூட இல்லை. ஊட்டியிலும் வால்பாறையிலும் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்பது 'சில்வர் ஓக்' ஆயிற்றே என்று கேட்பீர்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம். மரத்தின் வரி ஓக் பலகையை ஒத்திருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடலோரச் சவுக்கு மரத்துக்கும் ஆங்கிலத்தில் ஓக் என்று முடியும் ஒரு பெயர் உண்டு. அதுவும் ஓக் இல்லை. ஓக் மரத்தை அடையாளம் காண எளிய வழி அதன் காய்தான். சிறு கிண்ணத்தில் உட்கார வைத்தாற்போல் ஒரு கொட்டை இருந்தால் அது பெரும்பாலும் ஓக்.

ஆனால் மரம் வராவிட்டாலும் அதன் சரக்கு நம் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது. கைக்குழந்தைக்கு உரை மருந்து உரசும் பாட்டிமார் வசம்பு, கடுக்காய், ஜாதிக்காயோடு மாசிக்காய் ஒன்றும் வைத்திருப்பார்கள். மாசிக்காய் உண்மையில் காய் அன்று. துருக்கி, சிரியா, ஈரான் பக்கம் வளரும் ஓர் ஓக் மரத்தின் கிளையில் ஒரு வகைக் குளவி முட்டையிட, அந்த இடத்தில் மரம் வீங்கி உருண்டு இறுகுவதே மாசிக்காய். இதிலிருந்து எடுத்த துவர்ப்புச் சாற்றுடன் இரும்பு உப்பைக் கலந்து காய்ச்சிய நீலக்கறுப்பு மையில்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆவணங்கள் எழுதப்பட்டன. மருந்துப் புட்டிகளுக்கு ஒரு காலத்தில் தக்கை அடைத்து வந்தது நினைவிருக்கும். அந்தக் கார்க், போர்ச்சுகல், ஸ்பெயின் நாடுகளின் பசுமை மாறா ஓக் ஒன்றின் பட்டை. மரத்துக்கு இருபத்தைந்து வயதானபின் முதல் உரிப்பு. பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை. உரித்தாலும் மரம் சாவதில்லை. தமிழ் வேதாகமம் படிப்பவர்களுக்குக் கர்வாலி மரம் என்ற பெயர் பழக்கமாயிருக்கும். அதுவும் ஓக் மரமே.

ரிலீவர் வந்தபிறகு

பசுமை மாறா மரம் இலையே உதிர்க்காது என்று நினைப்பது பொதுவான தவறு. எந்த இலையும் நிரந்தரம் இல்லை. வேறுபாடு, எப்போது உதிர்க்கிறது என்பதில் இருக்கிறது. இங்கிலாந்து ஓக் அக்டோபர், நவம்பரில் இலைகளைக் கொட்டிவிட்டு, கடையைப் பூட்டிய மாதிரி ஐந்து மாதம் சும்மா நிற்கும். பாஞ்ச் அப்படிச் செய்வதில்லை. மார்ச், ஏப்ரலில் புதுத் தளிர் விரியும் சமயத்தில்தான் பழைய இலைகள் கழலும். ரயில் நிலையத்தில் அடுத்த முறைக்காரர் வந்து பொறுப்பேற்றபின் பழையவர் வீட்டுக்குப் போவாரல்லவா, அதைப் போல. ஓர் இலையின் ஆயுள் ஏறத்தாழ ஓர் ஆண்டு. மரத்தில் இலை இல்லாத நாள் கிடையாது.

ஓராண்டு உழைக்க வேண்டிய இலையை மரம் வேறு மாதிரி செய்கிறது. இங்கிலாந்து ஓக்கின் இலை மெல்லியது, அகலமானது, ஓரம் அலை அலையாக வெட்டுப்பட்டது. ஆறு மாதத்துக்குப் போதும் என்று செய்த இலை. பாஞ்ச் இலை சிறியது, தோல் போல் தடித்தது, விளிம்பில் பல் வைத்தது. அடிப்புறத்தில் நெருக்கமான வெண்ணிற மயிர், நீர் ஆவியாவதைக் குறைக்கிறது. இதன் அறிவியல் பெயருக்கே வெண்மயிர் தாங்கியது என்றுதான் பொருள்.

பாஞ்சுக்கு மேலே இன்னும் குளிர்ந்த உயரங்களில் மோரு வளர்கிறது. அதைக் குமாவுனில் திலோஞ்ச் என்பார்கள். அதற்கும் மேலே, 2,400 மீட்டரிலிருந்து மரங்கள் நின்றுபோகும் எல்லை வரையில் கர்சு. இளங் கர்சு மரத்தின் இலை விளிம்பில் முள் இருக்கும். மரம் வளர்ந்து, ஆடு மாடு எட்டாத உயரத்துக்குப் போனபின் வரும் இலைகளில் முள்ளைக் காணோம். தேவையில்லாத செலவு எதற்கு என்று மரமே கணக்குப் பார்க்கிறது போலும். இந்தக் கர்சுவின் அறிவியல் பெயரில் நமக்கொரு வேடிக்கை உண்டு: 'சேங்கொட்டை மரத்தின் இலை போன்ற இலை உடையது' என்பது அதன் பொருள். துணிக்கு வண்ணான் குறி போட உதவிய அதே சேங்கொட்டைதான். சமவெளி மரத்தைக் கண்டிருந்த வெள்ளைக்காரத் தாவரவியலாளர் பனிமலை மரத்துக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

மரத்தின் உள்ளும் வேறுபாடு உண்டு. இலையுதிர் ஓக் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு வரிசை அகன்ற நீர்க்குழாய்களைப் புதிதாக அமைத்துக்கொள்கிறது. அறுத்த பலகையில் அழகான வரியாகத் தெரிவது அதுவே. பசுமை மாறா ஓக்கில் குழாய்கள் அப்படி வளையமாக அமைவதில்லை, சிதறிக் கிடக்கும். மரம் அதிகக் கனமாகவும் கடினமாகவும் இருக்கும். அமெரிக்காவின் தென்பகுதியில் வளரும் பசுமை மாறா ஓக்கை வைத்து 1797-ல் வெள்ளோட்டம் விட்ட 'கான்ஸ்டிடியூஷன்' போர்க் கப்பலின் பக்கங்களில், 1812-ஆம் ஆண்டுச் சண்டையில் பீரங்கிக் குண்டுகள் பட்டுத் தெறித்தனவாம். 'இரும்புப் பக்கம்' என்று அதற்குப் பட்டப் பெயரே வந்துவிட்டது. ஆனால் பாஞ்ச் கட்டையை அறுத்துக் காயவைத்தால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். ஏர்க் கலப்பைக்கும் கோடரிக் காம்புக்கும் விறகுக்கும் கரிக்கும் உகந்தது, பலகைக்கு உதவாது. இந்த ஒரு குறை அதன் தலையெழுத்தை எப்படி மாற்றியது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பசுமை மாறாதவை எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஓக் குலத்தின் பல கிளைகளில் இந்தப் பழக்கம் தனித்தனியே காணப்படுகிறது. அமெரிக்கப் பசுமை ஓக், இங்கிலாந்து ஓக் ஆகியவை நெருங்கிய பங்காளிகள். பாஞ்ச், மோரு, கர்சு மூன்றும் ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் முள்ளிலைப் பசுமை ஓக்குடன் ஒரே பிரிவைச் சேர்ந்தவை. கார்க் தரும் மரம் வேறொரு பிரிவு. மாசிக்காய் மரமோ இலையை நெடுநாள் இழுத்துப் பிடித்துவிட்டுப் பிறகு உதிர்ப்பது, இரண்டுங்கெட்டான்.

மலை ஏன் பச்சை?

இங்கிலாந்தில் குளிர்காலப் பகல் குறுகியது, வெளிச்சம் மங்கல். இலையை வைத்துக்கொண்டிருப்பதால் லாபம் இல்லை, உறைபனியில் நஷ்டம் உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. ஆகவே அப்போது இலை வேண்டும், வறண்ட கோடையையும் அதே இலை தாங்கவேண்டும். இமயமலையில் கதை வேறு. மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. குளிர்காலத்தில் 2,000 மீட்டர் உயரத்தில் பனி பெய்தாலும் மறுநாளே நல்ல வெயில் அடிக்கும். மண் மாதக் கணக்கில் உறைந்து கிடப்பதில்லை. அந்த வெயிலை வீணாக்காமல் உணவு தயாரிக்க பாஞ்சுக்கு இலை வேண்டும். வியப்பு என்னவென்றால், புதுத் தளிரை அது மழைக்குக் காத்திராமல், வறண்ட மாதங்களான மார்ச், ஏப்ரலில் விடுகிறது. பாறை இடுக்குகளில் ஆழ இறங்கிய வேர் இருப்பதால் அந்தத் துணிச்சல்.

தளிர் வரும் அந்தச் சில வாரங்களை நம்பி ஒரு தொழிலும் இருக்கிறது. இந்திய, சீனப் பட்டுப்பூச்சிகளைக் கலந்து உண்டாக்கிய ஓக் டஸ்ஸார் புழு, உத்தரகண்டில் பாஞ்ச் தளிரைத் தின்று பட்டு நூற்கிறது. முற்றிய இலை அதற்கு ஆகாது. மணிப்பூரில் அதே புழுவுக்கு இலையுதிர் ஓக்கின் தளிர் தீனியாகிறது.

அரிவாளுக்கு முன்னால்

நவம்பர் வந்தால் மலைச் சரிவுகளில் புல் காய்ந்துவிடும். மற்ற மரங்கள் பல மொட்டையாகும். வைக்கோல் போதாது. அப்போது எருமைக்கும் பசுவுக்கும் பச்சைத் தீனி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாஞ்ச் மரம் ஒன்றுதான் தலை நிறைய இலையோடு நிற்கிறது. இங்கிலாந்து ஓக்காக இருந்தால் இந்த வம்பு இல்லை; குளிர்காலத்தில் வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இராது. உதிர்க்காத இலையை அரிவாள் உதிர்க்கிறது.

அரிவாளைப் பிடிப்பவர்கள் பெண்கள். விடிவதற்கு முன் கயிறும் அரிவாளுமாகக் காட்டுக்குப் போய், மரத்தில் ஏறிக் கிளைகளைக் கழித்து, தலையை மறைக்கும் பொதியாகக் கட்டி இறங்கி வருவார்கள். பாசி படர்ந்த கிளை ஈரத்தில் வழுக்கும். மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவர்கள், உயிரிழந்தவர்கள் பற்றிய செய்திகள் உள்ளூர் இந்திப் பத்திரிகைகளில் வருவதுண்டு. உதிர்ந்த சருகையும் விடுவதில்லை. அதைக் கூட்டி அள்ளிவந்து தொழுவத்தில் பரப்பினால் சாணத்தோடு மட்கி எருவாகும். கோதுமையும் மண்டுவாக் கேழ்வரகும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு அந்த எருதான் ஆதாரம். எனவே மலைக்காரர் உண்ணும் ரொட்டியில் பாஞ்சுக்கும் பங்கு உண்டு.

அளவோடு கழித்தால் மரம் தாங்கும். வெட்டிய அடிமரத்திலிருந்துகூடத் துளிர்க்கும் குணம் பாஞ்சுக்கு இருக்கிறது. ஆண்டு தவறாமல் மொட்டையடித்தால்தான் ஆபத்து. அத்தகைய மரம் பனை மாதிரி உச்சியில் ஒரு குடுமியோடு நெடுங்கம்பமாக நிற்கும். தன் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாடு, காய் பிடிக்காது. பிடித்த காயையும் லங்கூர் குரங்கும் கரடியும் தின்னும், வண்டு துளைக்கும். தப்பித்து முளைத்த கன்றை மாடு மிதிக்கும். பார்வைக்குக் காடு பச்சையாகவே இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் கிழவர்கள் மட்டுமே வாழும் ஊரைப் போல் ஒரு கன்றும் இராது.

பைன் வந்த வழி

அப்படி வெளிச்சம் விழுந்த இடத்தில் சீர் பைன் நுழைந்துவிடுகிறது. அதன் விதைக்குச் சிறகு உண்டு, காற்றில் பறக்கும். வெட்டவெளியும் வெயிலும் அதற்கு உகந்தவை. நெருப்பையும் தடித்த பட்டையால் ஓரளவு தாங்கும். தவிர, அதற்கு அரசாங்கத்தின் சலுகையும் இருந்தது. பைன் மரத்தைச் சீவினால் பால் வடியும். அதிலிருந்து டர்ப்பன்டைனும் ரோசினும் கிடைக்கும். கட்டையை மருந்தில் ஊறவைத்தால் ரயில்வே ஸ்லீப்பருக்கு ஆகும். ஸ்லீப்பருக்கும் பலகைக்கும் உதவாத பாஞ்ச், வெள்ளைக்கார ஆட்சியின் வருமானக் கணக்கில் ஏறவில்லை. 1921-ல் வனச் சட்டங்களை எதிர்த்துக் குமாவுனில் கலகம் மூண்டபோது மக்கள் கொளுத்தியது பைன் காடுகளை. பாஞ்ச் உள்ளிட்ட அகல இலைக் காடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. எந்த மரம் யாருடையது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பைன் ஒரு முறை காலூன்றினால் பாஞ்ச் திரும்பி வருவது கடினம். குமாவுன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜே. எஸ். சிங், எஸ். பி. சிங் ஆகிய பேராசிரியர்கள் இமயக் காடுகளைப் பற்றி 1992-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார்கள். பைன் சருகில் தழைச்சத்து மிகக் குறைவு. அது மட்கும்போது மண்ணிலுள்ள சத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால், அதிகச் சத்துக் கேட்கும் ஓக் அங்கே தழைப்பதில்லை என்பது அவர்கள் ஆராய்ச்சியின் சாரம். பைன் ஊசிகளைப் 'பிரூல்' என்பார்கள். மாடு தின்னாது. மே மாத வெயிலில் தரையில் கம்பளமாய்க் கிடக்கும் அது, ஒரு பீடித் துண்டில் பற்றிக்கொள்ளும். 2016-ல் உத்தரகண்ட் எரிந்தபோது விமானப் படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீர் முகந்து ஊற்றின. 2024 ஏப்ரலில் மறுபடியும் அதே காட்சி. ஈரச் சருகும் பாசியுமாக இருக்கும் அடர்ந்த பாஞ்ச் காடு அவ்வளவு எளிதில் தீப்பற்றுவதில்லை.

இதற்காகப் பைனைப் பகைத்துக்கொள்வதும் நியாயமாகாது. அதுவும் இந்த மலையின் சொந்த மரம். வறண்ட தென்சரிவுகளில் அதன் இடம் இயற்கை கொடுத்தது. எல்லை தாண்டிப் பாஞ்சின் வீட்டுக்குள் குடியேறுவதுதான் வழக்கு.

பெண்கள் மறுத்த பேரம்

சிப்கோ இயக்கத்தைப் பற்றிப் பலரும் அறிவார்கள். 1973-ல் மண்டல், 1974 மார்ச்சில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் திரண்ட ரேணி. டூங்ரி-பைந்தோலியை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. சமோலி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில் 1980-ல் நடந்த தகராறு நேரடியாகப் பாஞ்ச் காட்டைப் பற்றியது. காட்டை வெட்டி அங்கே உருளைக்கிழங்கு விதைப் பண்ணை அமைக்கத் தோட்டக்கலைத் துறை விரும்பியது. பதிலுக்குச் சிமென்ட் சாலை, உயர்நிலைப் பள்ளி, ஆஸ்பத்திரி, மின்சாரம். ஊர்ப் பஞ்சாயத்தில் இருந்த ஆண்கள் சம்மதித்தார்கள். அவர்களைக் குறை கூறவும் முடியாது. பள்ளியும் ஆஸ்பத்திரியும் எந்த ஊருக்குத்தான் கசக்கும்?

பெண்களின் கணக்கு வேறாக இருந்தது. காடு போனால் தழைக்கும் விறகுக்கும் தினமும் பல கிலோமீட்டர் கூடுதலாக நடக்கப்போகிறவர்கள் அவர்கள். ஊர்ப் பெரியவர்களின் மிரட்டலையும் மீறி, சிப்கோ ஊழியர்களின் துணையோடு காட்டில் இறங்கி மறித்தார்கள். மரங்கள் தப்பின. புருஷன் கையெழுத்துப் போட்ட பேரத்தைப் பெண்சாதி காட்டில் போய் நின்று கிழித்த சம்பவம், சிப்கோ வரலாற்றில் இதுவே தனிச் சிறப்புடையது எனலாம். 1981-ல், 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில் பச்சை மரம் வெட்டுவதற்குத் தடை வந்தது.

கோடரிக்குத் தடை வந்ததே தவிர அரிவாளுக்கு வர முடியாது. வந்தால் மாடு பட்டினி கிடக்கும். இங்கேதான் வன பஞ்சாயத்துகளின் வேலை. 1931-ல் விதிகள் வகுக்கப்பட்டுத் தொடங்கிய இந்தக் கிராம வனக் குழுக்கள், இன்று உத்தரகண்டில் 11,000-க்கு மேல் உள்ளன. நல்ல பஞ்சாயத்து நடக்கும் ஊரில் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் மூடி வைப்பார்கள். மற்றதில் இத்தனை நாள், வீட்டுக்கு இத்தனை ஆள், இத்தனை கட்டு என்று கணக்கு. மீறினால் அபராதம், அரிவாளும் கயிறும் பறிமுதல். எல்லா ஊரிலும் இப்படி நடக்கிறதென்று சொல்வதற்கில்லை. பெயருக்கு இருக்கும் பஞ்சாயத்துகள் ஏராளம். சமையல் எரிவாயு வந்தபின் விறகுச் சுமை சில ஊர்களில் குறைந்திருக்கிறது. ஆனால் எருமைக்கு எரிவாயு போட முடியாதே!

ஊற்றும் வேரும்

பாஞ்ச் வேரடித் தண்ணீர் குளிர்ந்தது, இனிப்பானது என்று குமாவுன் நாட்டுப் பாடல்கள் புகழ்கின்றன. இங்கே ஊர்கள் ஆற்றங்கரையில் அமையவில்லை. ஆறு எங்கோ பள்ளத்தில் ஓடுகிறது. சரிவில் கசியும் ஊற்றுகளே குடிநீர். கல் பாவிக் கூரை போட்டுக் கோவில் போல் கட்டிய ஊற்றுக் கிணற்றை 'நௌலா' என்றும், கல் வாய் வழியே கொட்டும் ஊற்றைத் 'தாரா' என்றும் சொல்வார்கள். பாஞ்ச் காட்டின் தரை, மட்கிய இலையால் மெத்தை போலிருக்கும். மழை அதில் விழுந்தால் ஓடாமல் ஊறி இறங்கும். அதனால்தான் காட்டின் அடியில் ஊற்றும், ஊற்றின் அடியில் ஊரும் அமைந்தன.

மரம் இருந்தால் மட்டும் ஊற்று பிறந்துவிடும் என்று சொல்வது மிகை. நீரைத் தாங்கி வைக்கும் பாறை அமைப்பு வேண்டும். விரிசல்கள் சரியான பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். சாலைக்காக வெடி வைத்தால் காடு இருந்தும் ஊற்று திசைமாறிப் போவதுண்டு. இமயப் பகுதி ஊற்றுகளில் ஏறத்தாழ பாதி வற்றியோ குறைந்தோ வருவதாக 2018-ல் நீதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை கூறியது. காரணங்கள் பல, மொட்டையடிக்கப்பட்ட பாஞ்ச் காடு அவற்றில் ஒன்று.

மீட்க முடியுமா என்றால், பௌடி மாவட்டத்து உஃப்ரைங்கால் வட்டாரத்தைக் காட்டலாம். சச்சிதானந்த பாரதி என்னும் பள்ளி ஆசிரியர் 1980-களில் அங்குள்ள பெண்களைக் கொண்டு மரக்கன்றுகள் நடத் தொடங்கினார். கன்றுகள் காய்ந்தன. பிறகு 1990-களில், கன்றுகளின் அருகே சிறு சிறு குழிகள் வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். பெரிய அணை எதுவும் இல்லை. ஒரு பாய் அளவுக் குழிகள், ஆயிரக்கணக்கில். வறண்டு கிடந்த ஓடை ஒன்றில் மறுபடி நீர் ஓடலாயிற்று. அதற்குக் 'காட் கங்கா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பாஞ்ச் நடுவதில் உள்ள சிரமம் அவசரக்காரருக்கு ஏற்றதன்று. விதை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பத்திரப்படுத்தி வைக்க வழியில்லை. கன்று முதல் சில ஆண்டுகள் வேரையே வளர்த்துக்கொண்டு, மேலே வளராமல் சோதிக்கும்.

நல்ல பாஞ்ச் காட்டைக் காண விரும்புவோர் அல்மோரா அருகே 1988-ல் சரணாலயமாக்கப்பட்ட பின்சருக்கோ, முக்தேஷ்வருக்கோ செல்லலாம். மார்ச் மாதம் உசிதம். காட்டினூடே புரான்ஸ் மரங்கள் செக்கச்செவேலென்று பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்வது இதன் உடன்பிறப்பையே. பூவரசு அத்தனை தூரம் தெற்கே வந்திருக்க, ஓக் ஏன் விந்தியத்தைத் தாண்டவில்லை என்ற கேள்வியைப் படித்தவர்களுக்கே விட்டுவிடலாம். மார்ச் கடைசியில் போனால் ஒரே கிளையில் பழுத்த இலை கழல்வதையும் இளஞ்சிவப்புத் தளிர் விரிவதையும் சேர்ந்தாற்போல் பார்க்க முடியும். பஸ் ரோட்டை ஒட்டிய மரங்களில் பெரும்பாலும் குடுமி மட்டுமே மிஞ்சியிருக்கும். முழு மரத்தைப் பார்க்க வேண்டுமானால் ரோட்டை விட்டு இறங்கி அரை மணி நேரமாவது நடக்க வேண்டியிருக்கும்.